திருவாதிரை ஏன் மங்கியது? கூலிங் கிளாஸ் டெக்னிக்கில் நட்சத்திரத் தூசியைப் பிடிக்கும் விஞ்ஞானிகள்!

2019 டிசம்பர். இங்கே மார்கழிக் குளிரில் கோலமும் பொங்கலுமாக ஊர் களைகட்டியிருந்த நேரம். உலகம் முழுக்க இருந்த வானியலாளர்கள் மட்டும் ஒரே ஒரு நட்சத்திரத்தைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வேறெதுவுமில்லை, நம் திருவாதிரை. ஆங்கிலத்தில் பீட்டல்ஜூஸ்.

வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களில் ஒன்றான திருவாதிரை, அந்தக் குளிர்காலத்தில் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வந்தது. 2020 பிப்ரவரியில் அதன் வெளிச்சம் வழக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. தொலைநோக்கி எல்லாம் வேண்டாம். மொட்டை மாடியில் நின்று வெறும் கண்ணால் பார்த்தவர்களுக்கே வித்தியாசம் தெரிந்தது.

'நட்சத்திரம் வெடிக்கப் போகிறதா?' என்று சமூக வலைதளங்களில் பரபரப்பு கிளம்பியது. ஆனால், ஏப்ரலில் திருவாதிரை ஒன்றும் நடக்காததுபோலப் பழைய பிரகாசத்துக்குத் திரும்பிவிட்டது.

அப்படியென்றால் நடுவில் நடந்தது என்ன?

2021 ஜூனில் 'நேச்சர்' இதழில் ஒரு சர்வதேசக் குழு பதில் சொன்னது. சிலி நாட்டில் உள்ள மிகப்பெரிய தொலைநோக்கி எடுத்த படங்களில், நட்சத்திரத்தின் தெற்குப் பாதி மட்டும் இருண்டிருந்தது. நட்சத்திரம் ஒரு பெரிய வாயுக் குமிழியை வெளியே தள்ளியிருக்கிறது. அதன் மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்திருக்கிறது. அந்தக் குளிர்ச்சியில் வாயு உறைந்து தூசியாகி, நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே திரைபோல நின்றுவிட்டது.

500 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கும் ஒரு நட்சத்திரம் தும்மியதில், நம் மொட்டை மாடியில் வெளிச்சம் குறைந்திருக்கிறது!

இங்கேதான் சுவாரஸ்யமான கேள்வி வருகிறது. அவ்வளவு தூரத்தில், கண்ணைக் கூசவைக்கும் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் தூசியை எப்படிப் பார்க்கிறார்கள்? அந்தத் தூசியின் சைஸைக்கூட எப்படி அளக்கிறார்கள்?

விடையில் பாதி உங்கள் கையில் இருக்கும் போனிலேயே இருக்கிறது.

நட்சத்திரத்தில் என்ன 'குளிர்'?

முதலில் ஒரு சின்ன விளக்கம். 'குளிர்ந்த நட்சத்திரம்' என்றதும் ஐஸ் கட்டியை நினைத்துவிட வேண்டாம். நம் சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். திருவாதிரை போன்றவற்றில் அது 3,300 டிகிரி அளவில்தான். சூரியனோடு ஒப்பிட்டுத்தான் இந்தக் 'குளிர்'.

கொல்லன் பட்டறையில் இரும்பைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் சிவப்பாகும். இன்னும் சூடேறினால் மஞ்சளாகும், பிறகு வெளுக்கும். நட்சத்திரங்களும் அப்படித்தான். சிவப்பு என்றால் சூடு குறைவு.

இந்தச் சிவப்பு நட்சத்திரங்கள் வயதானவை, ஊதிப் பெருத்தவை. சூரியன் இருக்கும் இடத்தில் திருவாதிரையை வைத்தால், பூமியை விழுங்கி, செவ்வாயின் பாதையையும் தாண்டி நிற்கும். அவ்வளவு பெரிய உடம்பை இறுக்கிப் பிடிக்க ஈர்ப்புவிசை போதவில்லை. அதனால் வெளிப்புற வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து விண்வெளிக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அப்படிப் போகும் வாயு குளிரும்போது, அதிலிருக்கும் சிலிக்கான், மெக்னீசியம், ஆக்ஸிஜன் போன்றவை ஒன்றுசேர்ந்து நுண்ணிய துகள்களாகின்றன.

தூசி என்றால் நம் வீட்டு ஃபேன் மேல் படியும் தூசி அல்ல. அதைவிடப் பல மடங்கு சிறியது. புகை என்றே சொல்லலாம்.

ஏன் அகச்சிவப்பு ஒளி?

டிவி ரிமோட்டை எடுத்து, அதன் முனையை போனின் செல்ஃபி கேமராவுக்கு நேராக வைத்து ஒரு பட்டனை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால், பெரும்பாலான போன்களின் திரையில் ரிமோட் முனையில் ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம் மின்னும். அதுதான் அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.

குளிர்ந்த நட்சத்திரங்கள் தங்கள் ஒளியில் பெரும்பகுதியை இந்த அகச்சிவப்பில்தான் கொட்டுகின்றன. தூசித் திரைக்குள் புகுந்து வெளியே வருவதிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட இது கெட்டிக்காரன். அதனால்தான் இந்த நட்சத்திரங்களை ஆராய்பவர்கள் அகச்சிவப்பு கேமராவை நாடுகிறார்கள்.

ஆனால், அகச்சிவப்பு மட்டும் போதாது. நட்சத்திரத்தின் வெளிச்சத்துக்கு முன்னால் தூசியின் மங்கலான ஒளி எடுபடாது. ஹெட்லைட்டைப் பார்த்துக்கொண்டே அதன் கண்ணாடி மேல் ஒட்டிய கொசுவைத் தேடுவது மாதிரி. ஹெட்லைட்டை மட்டும் அணைக்க முடிந்தால்?

முடியும்!

போன் திரை திடீரென்று இருண்டது ஏன்?

சில மாதங்களுக்கு முன்பு வண்டி ஓட்டுவதற்காக போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்று வாங்கினேன். அதைப் போட்டபடி சிக்னலில் போனைப் பக்கவாட்டில் திருப்பி மேப் பார்த்தால், திரை மொத்தமும் கறுப்பு. 'டிஸ்ப்ளே போச்சு' என்று பதறிக் கண்ணாடியைக் கழற்றினால், போன் நன்றாகவே இருந்தது. உங்களிடம் போலரைஸ்டு கண்ணாடி இருந்தால், இந்தக் கட்டுரையையே அதன் வழியாகப் பார்த்தபடி போனை மெள்ளத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் ஏதோ ஒரு கோணத்தில் திரை மங்கும், அல்லது மொத்தமாக இருண்டுவிடும்.

காரணம் எளிது. ஒளி ஓர் அலை. சாதாரண வெளிச்சத்தில் அந்த அலை எல்லாத் திசைகளிலும் அதிர்கிறது. போன் திரையிலிருந்து வரும் ஒளியோ ஒரே தளத்தில் மட்டும் அதிர்கிறது. பிளஸ் டூ இயற்பியலில் 'தளவிளைவு' என்று படித்திருப்பீர்களே, அதுதான் இந்த போலரைஸ்டு சமாசாரம்.

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கயிற்றை விட்டு ஆட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழுமாக ஆட்டினால் அலை கம்பிகளுக்கு நடுவே நழுவிப் போய்விடும். பக்கவாட்டில் ஆட்டினால் கம்பியில் முட்டி நின்றுவிடும். கூலிங் கிளாஸ்தான் அந்த ஜன்னல் கம்பி.

தார் ரோட்டிலும் ஏரித் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் பெருமளவு ஒரே தளத்தில் அதிர்கிறது. அதனால்தான் இந்தக் கண்ணாடி கூச்சத்தை மட்டும் வெட்டி எறிகிறது. நட்சத்திரத் தூசி விஷயத்திலும் இதே கதைதான். நட்சத்திரத்திலிருந்து நேராக வரும் ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்கிறது. தூசியில் பட்டுச் சிதறி வரும் ஒளிக்கு மட்டும் ஒரு குறிப்பிட்ட தளம் உண்டு.

விஞ்ஞானிகள் என்ன செய்கிறார்கள்? ஒரே நட்சத்திரத்தை, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு வடிகட்டிகள் வழியாக இரண்டு படங்கள் எடுக்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறார்கள். நட்சத்திரத்தின் ஒளி இரண்டு படத்திலும் சமமாக இருப்பதால் கழிந்து மறைந்துவிடும். தூசியின் ஒளி இரண்டிலும் வெவ்வேறு அளவில் இருப்பதால், அது மட்டும் மிஞ்சும்.

ஹெட்லைட் அணைந்தது. கொசு தெரிந்துவிட்டது!

சித்தப்பாவும் மகனும்

இந்த வித்தையின் வரலாற்றில் நமக்குத் தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்கள்.

1921-ல் சர் சி.வி.ராமன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தவருக்கு ஒரு சந்தேகம். 'கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பால்தான்' என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். ராமனிடம் நிக்கோல் பட்டகம் என்ற சிறு கருவி இருந்தது. அன்றைய போலரைஸ்டு கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியாகப் பார்த்து, கடல் பரப்பில் தெறிக்கும் வான வெளிச்சத்தை வெட்டினார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று புரிந்துகொண்டார். அந்தத் தேடல்தான் பிறகு அவரை நோபல் பரிசுவரை கொண்டுபோனது.

அவருடைய அண்ணன் மகன், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். 1946-ல் இவர் ஒரு கணக்குப் போட்டார். மிகவும் சூடான நட்சத்திரங்களின் விளிம்பிலிருந்து வரும் ஒளியும் போலரைஸ்டு ஆகத்தான் இருக்க வேண்டும் என்றது அந்தக் கணக்கு. அதைச் சரிபார்க்கக் கிளம்பினார்கள் ஹில்ட்னர், ஹால் என்ற இரண்டு அமெரிக்க வானியலாளர்கள். தேடிய விளைவு சிக்கவில்லை. ஆனால், 1949-ல் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். நட்சத்திரங்களுக்கு இடையே மிதக்கும் தூசியைக் கடந்து வரும் ஒளி போலரைஸ்டு ஆகிறது என்ற உண்மை அது. தூசியை இந்த ஒளியால் ஆராயலாம் என்ற கதவு திறந்தது இப்படித்தான்.

சரி, சந்திரசேகரின் கணக்கு என்ன ஆனது? 71 வருடங்கள் கழித்து, 2017-ல் ரெகுலஸ் நட்சத்திரத்தில் அவர் சொன்ன விளைவைப் பார்த்துவிட்டார்கள். ரெகுலஸ் என்பது வேறெதுவுமல்ல, நம் மகம் நட்சத்திரம்தான்.

தூசியைத் தள்ளுவது யார்?

இனிதான் உண்மையான மர்மம்.

சிவப்பு நட்சத்திரங்களிலிருந்து தூசியும் வாயுவும் விண்வெளிக்குக் காற்றுபோல வீசுகின்றன. அந்தக் காற்றை வீசவைப்பது எது? 'நட்சத்திரத்தின் ஒளி தூசியைத் தள்ளுகிறது, தூசி வாயுவை இழுத்துக்கொண்டு போகிறது' என்பது பல வருட விளக்கம். ஒளிக்குத் தள்ளும் சக்தி உண்டு, சிறிதளவுதான் என்றாலும்.

இதில் ஒரு சிக்கல். கறுப்புச் சட்டை போட்டு வெயிலில் நின்றால் சூடாகும் அல்லவா? இரும்பு கலந்த தூசியும் அப்படித்தான், ஒளியை விழுங்கிச் சூடாகிவிடும். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அவ்வளவு சூட்டில் அந்தத் தூசி ஆவியாகிவிடும். இரும்பு இல்லாத தூசியோ கண்ணாடி மாதிரி. சூடாகாது. ஆனால், ஒளியையும் விழுங்காது. அப்புறம் தள்ளுவது எப்படி?

2008-ல் ஸ்வீடனைச் சேர்ந்த சூசன் ஹோஃப்னர் ஒரு யோசனை சொன்னார். விழுங்கத் தேவையில்லை, ஒளி தூசியில் பட்டுத் தெறித்தாலே போதும் என்றார். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் காயின் மேல் மோதித் திரும்பினாலும் காயின் நகர்கிறது இல்லையா, அதுபோல. ஆனால், ஒரு நிபந்தனை. துகள் ஓரளவு பெரிதாக இருக்க வேண்டும். சின்னத் துகள் ஒளியைச் சரியாகச் சிதறடிக்காது.

ஆக, எல்லாம் துகளின் சைஸில் வந்து நின்றது.

சைஸை அளப்பது எப்படி? ஊதுபத்திப் புகையைக் கவனித்திருக்கிறீர்களா? இருண்ட பின்னணியில் லேசான நீலமாகத் தெரியும். இட்லிப் பானையிலிருந்து வரும் ஆவி வெள்ளையாக இருக்கும். ஊதுபத்தித் துகள்கள் மிகச் சிறியவை, நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். ஆவியின் நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் சிதறடிக்கும். அதேபோல, வெவ்வேறு அலைநீளங்களில் தூசி எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கிறது என்று பார்த்தால் துகளின் அளவைக் கணக்கிட்டுவிடலாம்.

2012-ல் சிட்னி பல்கலைக்கழகத்தின் பார்னபி நாரிஸ் தலைமையிலான குழு இதைச் செய்துகாட்டியது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 2,635 மீட்டர் உயரப் பாரனால் மலைமேல் இருக்கும் தொலைநோக்கியின் ஆடி 8.2 மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய ஆடி சேகரித்த ஒளியை, கேமராவுக்குள் துளைகள் போட்ட ஒரு சிறிய தட்டால் மறைத்தார்கள்! பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். ஆனால், துளைகள் வழியாக வரும் ஒளிக்கற்றைகள் ஒன்றோடொன்று கலக்கும் விதத்தை வைத்து, காற்றின் அசைவால் வரும் கலங்கலை நீக்கி, மிக நுணுக்கமான விவரங்களைப் பிரித்தெடுக்க முடியும். அதோடு போலரைஸ்டு அகச்சிவப்பு ஒளியையும் சேர்த்துக்கொண்டார்கள்.

டபிள்யூ ஹைட்ரே, ஆர் டொராடஸ், ஆர் லியோனிஸ் என்ற மூன்று சிவப்பு நட்சத்திரங்களைப் பார்த்தார்கள். நட்சத்திரத்துக்கு மிக அருகிலேயே தூசி வளையம் இருந்தது. துகள்களின் ஆரம் சுமார் 300 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் இப்படிப்பட்ட துகள்களை நூறு, நூற்றிருபது வரிசையாக அடுக்கலாம். நமக்கு அது ஒன்றுமேயில்லை. ஆனால், ஒளி தெறித்துத் தள்ளுவதற்கு ஏற்ற அளவு! திருவாதிரையைச் சுற்றியும் இதே முறையில் மெல்லிய தூசி ஓடு ஒன்றைக் கண்டார்கள். அந்த ஆய்வு வெளியானது 2019-ல், திருவாதிரை மங்கத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு.

மர்மம் தீர்ந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அதே நட்சத்திரம், வேறு பதில்

2025-ல் ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகக் குழு, ஆர் டொராடஸை மறுபடி எடுத்துப் பார்த்தது. பூமியிலிருந்து சுமார் 180 ஒளியாண்டுகள் தூரத்தில், தெற்கு வானில் இருக்கும் நட்சத்திரம் இது. அதே பாரனால் மலைதான். ஆனால், 'ஸ்ஃபியர்' என்ற புதிய, கூர்மையான கருவி. இந்த முறை போலரைஸ்டு ஒளியைக் கண்ணுக்குத் தெரியும் நிறங்களில் அளந்து, கம்ப்யூட்டர் மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள்.

துகள்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருந்தன. அதாவது 100 நானோமீட்டர். நட்சத்திர ஒளி அவற்றின்மேல் படுகிறது, தள்ளவும் செய்கிறது. ஆனால், ஈர்ப்புவிசையை மீறி வெளியேற்ற அந்தத் தள்ளல் போதவில்லை.

நட்சத்திரமோ தன் பாட்டுக்குப் பொருளை இழந்துகொண்டேதான் இருக்கிறது, பத்து வருடங்களுக்கு பூமியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு. ஒளி தள்ளவில்லை என்றால், தள்ளுவது யார்?

சந்தேகம் இப்போது குமிழிகள் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆர் டொராடஸின் மேற்பரப்பைச் சிலியில் உள்ள 'ஆல்மா' ரேடியோ தொலைநோக்கி 2023-ல் படமெடுத்தது. உலையில் கொதிக்கும் சோறுபோல வாயுக் குமிழிகள் மேலே வந்து அமிழ்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் நம் சூரியனைப்போல 75 மடங்கு பெரியது! அந்தக் கொதிப்பும், நட்சத்திரம் விம்மி விம்மித் தணிவதும், அவ்வப்போது திடீரெனக் கொத்தாகத் தூசி உருவாவதும் சேர்ந்து இந்தக் காற்றைக் கிளப்பலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். திருவாதிரை 2019-ல் குமிழியைத் தள்ளித் தூசியைக் கக்கியதை நினைத்துப் பாருங்கள். அப்போது நாம் பார்த்ததும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு காட்சிதான்.

பதிமூன்று வருட இடைவெளியில் ஒரே நட்சத்திரம் இரண்டு பதில்களைச் சொல்லியிருக்கிறது. விஞ்ஞானிகள் இதைத் தோல்வியாகப் பார்ப்பதில்லை. கருவி கூர்மையானால் கேள்வியும் கூர்மையாகும்.

நம் நாட்டிலும் இந்தத் துறையில் வேலை நடக்கிறது. ராஜஸ்தானின் மவுன்ட் அபுவில், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் 1.2 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கி இருக்கிறது. அதில் பொருத்துவதற்காகவே போலரைஸ்டு அகச்சிவப்பு ஒளியை அளக்கும் 'நிக்ஸ்போல்' என்ற கருவியை நம் விஞ்ஞானிகள் உருவாக்கியிருக்கிறார்கள்.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

நியாயமான கேள்வி. பதில் நம் காலடியில் இருக்கிறது.

இந்த நட்சத்திரங்களைச் சுற்றியிருக்கும் தூசியில் மெக்னீசியமும் சிலிக்கானும் ஆக்ஸிஜனும் கலந்த கனிமங்கள் அதிகம். பூமியின் உள்ளே இருக்கும் பாறையிலும் அதே குடும்பத்துக் கனிமங்கள்தான் நிறைந்திருக்கின்றன. சூரியனும் பூமியும் உருவான மேகத்தில், அதற்கு முன் வாழ்ந்து முடித்த நட்சத்திரங்கள் ஊதித் தள்ளிய தூசி கலந்திருந்தது.

இதற்குக் கையில் தொட்டுப் பார்க்கும் ஆதாரமே உண்டு. 1969-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதன் துண்டுகளை அரைத்தபோது, அந்தக் குழம்பு கெட்டுப்போன வேர்க்கடலை வெண்ணெய் மாதிரி நாறியதாம். அதிலிருந்து நட்சத்திரத் தூசித் துகள்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் சில 700 கோடி ஆண்டுகள்வரை பழையவை என்று 2020-ல் வெளியான ஆய்வு சொன்னது. பூமிக்கு வயது ஏறக்குறைய 450 கோடிதான். அதாவது, பூமி பிறக்கும் முன்பே ஏதோ ஒரு கிழட்டுச் சிவப்பு நட்சத்திரம் ஊதிய புகை இன்னும் பத்திரமாக இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆர் டொராடஸின் எடை ஏறக்குறைய நம் சூரியனுடையதுதான். இன்னும் 500 கோடி ஆண்டுகள் போனால் நம் சூரியனும் இப்படித்தான் சிவந்து, ஊதி, தன்னிடமிருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விண்வெளிக்குக் கொடுக்கத் தொடங்கும். அந்தத் தூசி எப்படிக் கிளம்புகிறது என்று தெரிந்தால்தான், அடுத்த தலைமுறைக் கோள்களுக்கான மூலப்பொருள் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதும் புரியும்.

இன்று இரவே பார்க்கலாமா?

டிசம்பரிலிருந்து மார்ச் வரை என்றால் தாராளமாக. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். ஒரே கோட்டில் நெருக்கமாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைத் தேடுங்கள். ஓரியன் என்ற வேடனின் இடுப்புப் பட்டை அது. கிழக்கே எழும் நேரத்தில் பார்த்தால், பட்டைக்கு இடது பக்கம் ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஒன்று மின்னும். அதுதான் திருவாதிரை. வலது பக்கம் நீலம் கலந்த வெள்ளையில் இருப்பது ரைஜெல். சூடான நட்சத்திரத்துக்கும் 'குளிர்ந்த' நட்சத்திரத்துக்கும் உள்ள நிற வித்தியாசத்தைக் கண்ணாலேயே காட்டிவிடலாம்.

அப்படியே அந்த போலரைஸ்டு கண்ணாடியைக் கொடுத்து, போன் திரையை இருட்டாக்கும் வித்தையையும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: எந்தக் கண்ணாடி போட்டிருந்தாலும் பகலில் சூரியனை நேராகப் பார்க்க விட்டுவிடாதீர்கள்.